அடுத்த மேஜைக்காரரின் பச்சைப் பாலங்கள்

எங்கள் அலுவலகத்தில் மாதாமாதம் பாலங்களுக்கு மார்க் போடுகிற ஏற்பாடு வந்த நாளிலிருந்துதான் என் வயிறு எரியத் தொடங்கியது. சங்கரன்கோவிலில் நாங்கள் இரண்டு பொறியாளர்கள். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துப் பாலங்கள் எனக்கு. திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் அடுத்த மேஜைக்காரருக்கு. தளத்தில் தண்ணீர் தேங்குகிறதா, வடிகுழாய்கள் திறந்திருக்கின்றனவா, சுவர் இடுக்கில் அரசஞ்செடி முளைத்திருக்கிறதா, தண்ணீர் போகும் கண்களில் குப்பை அடைத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, போட்டோ எடுத்து, செல்போனில் ஏற்ற வேண்டும். நன்றாக இருந்தால் அந்தப் பாலத்துக்குப் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. யாருக்கு என்ன நிறம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவருடையது எப்போதும் பச்சை. என்னுடையதில் மஞ்சள்தான் அதிகம்.

இதில் என்ன நியாயம் என்று இன்றைக்கும் கேட்பேன். அவருடைய கரிசல் ஓடைகளில் வருஷத்தில் பாதி நாள் ஆடுதான் மேயும். என் ஓடைகளில் தண்ணீர் வரும். வரும்போது வாழைமட்டை, ஆகாயத்தாமரை, யாரோ தூக்கிப் போட்ட மெத்தை எல்லாம் சேர்ந்து வரும். அத்தனையும் என் மூன்று கண் பாலத்தில் வந்துதான் அடைத்துக்கொள்ளும். நனையாத பாலத்துக்கும் நனைகிற பாலத்துக்கும் ஒரே அளவுகோல். கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். பெரிய அதிகாரி, "அவரைப் பாத்துக் கத்துக்கோங்க மேடம்" என்றார். அடுத்த மேஜைக்காரர் பக்கத்து நாற்காலியில் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அடக்கமான சிரிப்புதான் எனக்கு ஆகவே ஆகாது.

வெறும் நிறமென்றால் விட்டுத்தொலைத்திருப்பேன். வருடக் கடைசியில் மண்டலத்துப் பொறியாளர்கள் எல்லோரும் மார்க் வரிசைப்படி இடமாறுதல் கேட்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். திருநெல்வேலியில் ஒரே ஒரு இடம் காலி. என் கணவரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் அங்கே. நான் சங்கரன்கோவிலில் வாடகை அறையில். சனிக்கிழமை பஸ் ஏறிப் போனால், மகள் விருந்தாளியிடம் சொல்வதுபோல அந்த வாரத்துக் கதைகளைச் சுருக்கிச் சொல்வாள். எனக்கு அந்த இடம் வேண்டும். அவர் முதலில் நின்றால் அவர்தான் அதை எடுப்பார். திருநெல்வேலி கிடைத்தால் யார் விடுவார்கள்?

தை மாதத்தில் ஒருநாள், அவரிடம் சொல்லாமல் குருவிகுளம் பக்கம் வண்டியை விட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், வேறெதற்கு? போனதும் பலன் கிடைத்தது. பாலத்தின் மேல் முழுக்க உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் அதன்மேல் ஏறி உளுந்தை உதிர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. பாலத்தில் களம் போடக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். குஷியாகப் போட்டோ எடுத்தேன்.

ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றை நிறுத்தவில்லை. வடிகுழாய் ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியை விட்டுக் குத்தி, உள்ளே கிடந்த உளுந்தை நோண்டி எடுத்தாள்.

"எதுக்கும்மா குத்துத?" என்று கேட்டேன்.

"சாரு சொல்லிருக்காவ. காயப்போட்டா போடுங்க, போகையில குழாயச் சுத்தமா குத்திவிட்டுட்டுத்தான் போகணும்னு. சாயந்தரம் வந்து பாப்பாவ. எங்ககூட ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போவாவ."

பாலத்தைக் கூட்ட ஆள் வைக்காமலே ஆள் வைத்திருக்கிறார் மனுஷன். எடுத்த போட்டோவை யாருக்கும் அனுப்பவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை, அந்த யோசனையை நானே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

நெல் அறுப்பு வந்ததும் என் மூன்று கண் பாலத்தில் காயப்போட அனுமதித்தேன். குழாய்களைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிச் சாலைப் பணியாளரிடம் போனில் சொல்லி அனுப்பியதோடு சரி. நெல் காயப்போட்டவர்களும் கவனித்தார்கள். நெல்மணி குழாய் வழியாக ஓடைக்குள் கொட்டிவிடும் என்று, ஒவ்வொரு குழாயையும் வைக்கோலாலும் சாக்குத் துண்டாலும் இறுக்கி அடைத்தார்கள். நெல்லை அள்ளிப் போனவர்களுக்கு அடைப்பை எடுக்கத் தோன்றவில்லை. பங்குனியில் ஒரு கோடை மழை கொட்டியது. மறுநாளே பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஜீப்பிலிருந்து இறங்காமலே பார்த்துவிட்டு, "என்ன மேடம், நீச்சல்குளமா?" என்றார். அந்த மாதம் சிவப்பு. அடுத்த மேஜைக்காரர் கேள்விப்பட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றார். அதைக் கேட்டபோது தண்ணீர் தேங்கியதைவிட எரிந்தது.

வருடக் கடைசியில் அவர்தான் முதல். வரிசையில் நான் எங்கேயோ. பெரிய அதிகாரி எல்லோர் முன்னாலும் அவரிடம், எந்த ஊர் வேண்டும் என்று கேட்டார்.

"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன் சார். குருவிகுளத்து ஆளுக போவாதீங்கன்னு சொல்லுதாவ" என்றார்.

எனக்கு முன்னால் நின்றவர்கள் தூத்துக்குடி, நாகர்கோவில் என்று அவரவர் ஊரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். திருநெல்வேலி என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் வேண்டாமென்று தள்ளிவிட்ட தட்டில் சாப்பிடுவதுபோல இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து என்னைப் போகவேண்டாமென்று சொல்ல ஒருவரும் வரவில்லை. என் பாலங்களைக் கூடுதல் பொறுப்பாக அவரிடமே கொடுத்தார்கள்.

இப்போது நான் தினமும் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் நடந்த சண்டை ஒன்றை முதலிலிருந்து விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்காகத்தானே அத்தனை பாடு. அந்த நேரம் பார்த்துச் செல்போனில் மாத மார்க் வந்தது. என் மூன்று கண் பாலம் பச்சை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் ஓரத்தில் ஒரு புல்லாவது தென்படாதா என்று தேடினேன்.

"யம்மா, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீ கேக்கவே இல்ல" என்றாள் மகள்.

"சொல்லு மக்கா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். அவள் எழுந்து அப்பாவிடம் போனாள். மீதிக் கதையை அவரிடம் சொல்லத் தொடங்கினாள்.