மாமா இழைத்த மூங்கில்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியில் எங்கள் மாமாவுக்கு ராஜமரியாதை. காவடிக்கு மூங்கிலை வளைத்துக் கட்ட அவர்தான் வேண்டும். கிருத்திகை முடிந்த மறுநாளே, அதே ஆட்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள். தெருவில் சாவு விழுந்தால் பாடை கட்டுகிறவரும் அவரேதான். அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார்.

காவடியோ பாடையோ, அவருக்கு வேலை ஒன்றுதான். கணுவைச் சீவி, உடைந்த கண்ணாடிச் சில்லால் வழித்து, கடைசியில் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். சிராய் தட்டினால் மறுபடியும் வழிப்பார். பாடை மூங்கிலையும் அப்படிக் கன்னத்தில் வைத்தால் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கருமம், கருமம்! பொணத்துக்கு எதுக்குடா இவ்ளோ நைசு?"

"பொணத்துக்கு இல்லக்கா. தூக்கினு போறவன் தோளு உசுரோடதான இருக்குது?"

அந்த வருஷம் ஆடி பிறக்கும்போதே என் தம்பிக்குக் காய்ச்சல். மூன்று வயசுக் குழந்தை. ஊசி, மாத்திரை, எதற்கும் இறங்கவில்லை. குணமானால் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வைப்பதாக அம்மா மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். மாமா அன்றைக்கே உட்கார்ந்து ஒரு குட்டிக் காவடி செய்தார். வழித்து வழித்து, தம்பியின் கன்னத்திலேயே வைத்து, "குத்துதாடா நைனா?" என்று கேட்டார். காய்ச்சலோடு அவன் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. எனக்கொரு காவடி செய்ய இந்த மனுஷனுக்கு எப்போதாவது தோன்றியதா?

கிருத்திகைக்கு முன்பே தம்பி போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில், அப்பாவின் மடியில் வந்தான்.

தெருவே கூடி அழுதது. நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் பச்சை மூங்கில் கிடந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. யார் யாருக்கோ கட்டிய மனுஷன், சொந்த அக்கா பிள்ளைக்குக் கட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடை கிடையாது, கையில் ஏந்தித்தான் கொண்டுபோவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"இன்னா மாமா, தம்பிக்கு மட்டும் கட்ட மாட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அம்மா போட்ட அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மாமா என் தலையில் கை வைத்தார். "அவனுக்கு எதுக்கும்மா? கனமே இல்லியே."

நான் நம்பினேன். வெள்ளைத் துணியில் சுற்றிய தம்பியை அவரே இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனை திரும்புவதற்குள் மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கைத்தாங்கலாக எழுப்பினார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் உட்கார்ந்தார். எத்தனை காவடி, எத்தனை பாடை சுமந்த தோள்! கனமே இல்லாததைத் தூக்க முடியாமல் அவர் ஏன் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.