பதினேழு இன்ச் நன்றி

யாராவது என் காரைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். பெண்ணை அழைத்து வர எங்கள் வெள்ளைக் காரைக் கேட்டான், கொடுத்தேன். மனைவிக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகி நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளைக்கு உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மண்டபத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு வாங்கிய காரை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. டேங்கில் பெட்ரோல் நிரப்பி, சீட்டில் ஒரு புதுச் சட்டை வைத்துத் தருவார்கள். மைத்துனன் அதோடு நிற்கவில்லை. பதினான்கு இன்ச் சக்கரங்கள் நான்கையும் கழற்றி ரிம் கடையிலேயே கொடுத்துவிட்டு, பளபளவென்று பதினேழு இன்ச் ஸ்போர்ட் ரிம் மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அக்கா ஏறுற காரு, கெத்தா இருக்க வேணாமா மாமா?"

கேட்காமல் செய்தானே என்று அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் காரை இரண்டு முறை சுற்றிவந்தேன். கூலாய் டவுன் ரவுண்டபவுட் வரை ஓட்டினேன். வளைவில் உடம்பைச் சாய்க்காமல் திரும்பியது, ஸ்டீயரிங் விரல் சொன்னபடி கேட்டது. படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஜொகூர் பாருவில் அவளுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை. பின் சீட்டில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன். செம்பனைத் தோட்டத்துக் குலை லாரிகள் தோண்டிப் போட்ட ரோட்டில் முதல் குழியிலேயே கார் தடாலென்று அடித்தது. சக்கரத்தின் மொத்த உயரம் பழைய உயரம்தான். உள்ளே ரிம் பெருத்துவிட்டதால் ரப்பர் இளைத்துவிட்டது, அவ்வளவே. ஆறு விரல் அகலம் இருந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் இப்போது நான்கு விரல். குழியில் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டியது அந்தச் சுவர்தான். அது வாங்காத அடியெல்லாம் நேராகச் சீட்டுக்கு வந்தது, சீட்டிலிருந்து அவள் தையலுக்குப் போனது. ஊர்ந்து போனேன். பின்னால் லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். அவள் கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன், கன்னம் நனைந்திருந்தது.

இப்படிக் குலுக்கிக் கூட்டிவந்ததற்குச் சிகிச்சை கொடுத்த பெண் எங்களைத் திட்டி அனுப்பினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மைத்துனனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். சொந்த அக்காவின் முதுகைவிட ரிம் பெரிதாகப் போய்விட்டதா, மூளை என்று ஒன்று இருக்கிறதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் விடவில்லை.

பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி போனை வைக்கச் சொன்னாள்.

"அவன் மாட்டிட்டுப் போயிட்டான். ஓட்டிப் பாத்தது நீங்கதானே? நான் அதுல சாஞ்சு வரணும்னு உங்களுக்குமா ஞாபகம் வரல?"

ரவுண்டபவுட்டில் நான் அவளை நினைக்கவே இல்லை. அவனைத் திட்டிய வார்த்தைகள் அத்தனையும் எனக்குத்தான் பொருந்தின. என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் போனில் வாடகைக் கார் ஒன்றை அழைத்தாள். தடித்த டயர் போட்ட பழைய சின்னக் கார் வந்தது. நான் என் காரில் பின்னாலேயே போனேன். அதே லாரி ரோடு, அதே குழி. எனக்கு முதுகெலும்பு வரை அடித்தது. முன்னால் அந்தக் கார் லேசாக அமுங்கி எழுந்து போய்க்கொண்டிருந்தது. பின் கண்ணாடி வழியே அவள் தலை தெரிந்தது. அது குலுங்கவில்லை. வீடு வரும் வரை ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.