ஈரச் சுடிதார்

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரே ஒரு யூனிபார்ம்தான். சாயங்காலம் அம்மா துவைத்துப் போடுவாள். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் பக்கத்தில் எங்கள் ஊர் மேலகரத்திலும் சாரல் விடாது. காலையில் ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போவேன்.

"ஏட்டி, அருவியில குளிச்சிட்டா ஸ்கூலுக்கு வாரே?" என்று டீச்சர் வெளியே நிறுத்தினார். அவருக்கு வேறு காரணமே தோன்றவில்லை. நானும் ஆமாம் என்றேன். மாற்றுத்துணி இல்லை என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

உள்ளே வந்ததும் பக்கத்தில் இருந்தவள் என் துப்பட்டாவைப் பிழிந்துவிட்டபடியே, "தண்ணி நல்லா விழுதாட்டி?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"தலையில கல்லு போட்ட மாதிரி விழுதுட்டி."

லீவு நாளெல்லாம் அம்மாவோடு லாட்ஜில் துண்டு துவைத்தவள் நான். குளிக்க வந்தவர்களின் எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டியதே தவிர, அருவி ஒருநாளும் என் தலையில் விழுந்ததில்லை.