மாப்பிள்ளைக்கு எறிந்த கல்

மீன் சந்தையில் வேலை பார்க்கும் செதில் அக்காவுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். ஒருவர் மகளைக் கட்டிக்கொண்டு கண்காணாத ஊருக்குப் போனவர். ஆளும் வருவதில்லை, போனும் வருவதில்லை. இன்னொன்று, சந்தைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கிடக்கிற உடும்பு. ஓர் ஆள் நீளம் இருக்கும். தினமும் வரும், தின்னும், பேசாமல் போய்விடும்.

“மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும். மரியாதை பத்தலைன்னு ஒரு நாளாவது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சா?” என்பாள் அக்கா.

“அதுக்கு மூஞ்சி எங்கக்கா இருக்கு? வாயும் நாக்கும்தானே!” என்பார் சந்தையில் மீனுக்கு ஐஸ் உடைத்துத் தரும் ஐஸ்காரர்.

மீன் வெட்டி முடித்ததும் குடலையும் செவுளையும் கையால் அள்ளி, பின்வாசல் வழியாக எறிவாள். அது பிளந்த நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே விழுங்கும். அவள் கையிலிருந்து பறந்து வந்ததெல்லாம் இத்தனை வருடமும் அதற்குச் சாப்பாடுதான்.

ஒருநாள் படியேறி உள்ளேயே வந்துவிட்டது. மீன் வாங்க வந்த ஒரு பெண் அலறியடித்து ஓடி, வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். சந்தை மேற்பார்வையாளர் வந்து கறாராகச் சொன்னார்: “இன்னொரு தரம் படியேறினா அடிச்சுப் போட்டுடுவாங்க. உங்க மாப்பிள்ளைக்கு நீங்களே புத்தி சொல்லிக்குங்க.”

புத்தி சொல்ல அக்காவுக்குத் தெரிந்த ஒரே வழி கல். மறுநாள் அது கரையேறியதும் எறிந்தாள். ஓடவில்லை. கல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தது. இன்னும் கிட்டே வந்து, அடுத்த வாய்க்குத் தலையைத் தூக்கியது.

“போயேன்டா! மானம் ரோஷமே கிடையாதா உனக்கு?”

இன்னொரு கல். அதையும் நக்கியது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அந்தச் சிரிப்பு வேறு என்னவோ ஆகிவிட்டது. மேலே படுகிற மாதிரி எறிய அவளுக்குக் கை வரவில்லை.

அன்றிலிருந்து குடலை வாளியில் போட்டு மூடி, குப்பை வண்டியில் ஏற்றினாள். பசித்தால் வேறு இடம் பார்த்துப் போகும் என்று நினைப்பு. போகவில்லை. வாலைத் தண்ணீரில் போட்டபடி பின்வாசலையே பார்த்துக் கிடந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டினாள்.

காய்ச்சல் என்று அக்கா வராத ஒரு நாள், படிக்குக் கீழே அதைப் பார்த்த ஐஸ்காரர் விரட்டுவதற்கு ஒரு கல்லை எறிந்தார். நல்ல மனுஷர், அடிபடக் கூடாதென்று தள்ளித்தான் போட்டார்.

அடுத்த நாள் அக்கா வந்தபோது அவர் தலை நிமிரவில்லை.

“கல்லைப் பார்த்தா எதுவும் ஓடத்தானேக்கா செய்யும்? இது விறுவிறுன்னு என்னைப் பார்த்து ஏறி வருது. வாயை வேற திறந்துக்கிட்டு. பயந்துட்டேன்க்கா. கையில ஐஸ் உடைக்கிற கம்பி இருந்துச்சு... நிஜமாவே பாய வந்துச்சுக்கா. வந்துச்சுதானே?”

அக்காவுக்கு உண்மை வாய்வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தாள். இரவெல்லாம் தூங்காத கண்.

“ஆமா தம்பி. அது மோசமான பயல். என்னையும் ஒரு தரம் பாய வந்துச்சு” என்றாள்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அக்கா யாரும் வெட்டச் சொல்லாத ஒரு மீனை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.