ஒக்டோபர் கடற்கரையில் மூவர்

பிரான்சின் தெற்குக் கடற்கரைக்கு நாங்கள் நால்வரும் ஒரு கிழமை போவதாகத்தான் இருந்தது. நான் சுவிஸ் மலையூரான டாவோஸில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறேன். கோடை முடிந்தால் பனிக்காலம் தொடங்கும்வரை ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். ஒக்டோபரில் பள்ளிக்கூடமும் விடுமுறை. எங்கள் வீடு இருக்கும் கூர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவியும் அதற்கேற்ப லீவு எடுத்திருந்தாள். புறப்படுவதற்கு முதல்நாள் அங்கே இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட, அவளை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

“நீங்கள் மூண்டு பேரும் போங்கோ. பிள்ளையளும் உங்களோட கொஞ்சம் பழகட்டும்” என்றாள்.

ரயில் ஏறிய பிறகும் ‘பழகட்டும்’ என்ற அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. புதிதாக வந்தவரோடுதான் பழகவேண்டும். ஆனாலும் அவள் சொன்னதில் பிழையில்லை. வேலைக்காலம் முழுக்க நான் டாவோஸில் ஊழியர் அறையில்தான் இருப்பேன். லீவு கிடைத்துக் கூருக்கு வந்து சேரும்போது பிள்ளைகள் நித்திரையாகியிருப்பார்கள்.

மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. தங்களுக்குள் சுவிஸ் டொச் என்ற ஜெர்மன் பேச்சில்தான் கதைப்பார்கள். சமையலறையில் நான் பொறுக்கிய டொச் அவர்களுடைய பகிடிகளுக்குப் போதாது. நாங்கள் எடுத்திருந்த சின்ன மரவீட்டில், தம்பிக்குப் பாலைச் சூடாக்கக்கூடாது, பாணின் கரையை வெட்டவேண்டும் என்பதையெல்லாம் மகள்தான் சைகையோடு எனக்குக் காட்டித் தந்தாள். நாள் முழுக்க சமையலில் நிற்கிற எனக்கு என் மகன் என்ன சாப்பிடுவான் என்று தெரியவில்லை.

பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கடல் குளிர்ந்திருந்தது. பிள்ளைகள் மணலில் விளையாட, நான் ஜாக்கெட்டோடு துவாயை விரித்து உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியைப் போனில் கூப்பிட்டால் அவள் வேலையில் இருப்பாள். கடைக்காரனுக்குச் சொன்ன வணக்கத்தைத் தவிர, பெரியவர் ஒருவரோடும் ஒரு வார்த்தை கதைக்காமல் நாட்கள் போயின.

சனிக்கிழமை பின்னால் தமிழில் ஒரு குரல் கேட்டது. “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஓடு பிள்ளை.” திடுக்கிட்டுத் திரும்பினேன். துலூஸ் நகரிலிருந்து வார இறுதிக்கு வந்த ஒரு தமிழ்த் தம்பதி; சொன்னது தங்கள் மகளுக்கு. நாங்கள் பெரியவர்கள் ஊரை விசாரித்து முடிக்கும்வரை, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அந்தப் பிள்ளை பிரெஞ்சில் ஏதோ கேட்டது. என் மகள் டொச்சில் பதில் சொன்னாள். இருவருக்கும் விளங்கவில்லை.

“உனக்குத் தமிழ் தெரியுமோ?” என்றாள் என் மகள்.

“ஓம். கொஞ்சம்.”

எனக்குச் சொல்லாத தமிழ் அவளிடம் அவ்வளவு இருந்தது. இருவரும் மணலில் குழி தோண்டியபடி கதைத்தார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

“இது உன்ர அப்பாவோ?”

“ஓம். மலையில இருக்கிறவர்.”

“நல்லவரோ?”

என் மகள் தோண்டுவதை நிறுத்தி யோசித்தாள். “தெரியாது. அவர் கதைக்கிறேல்லை.”

பிள்ளைகள்தான் என்னோடு கதைப்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன். அந்தத் தம்பதி ஏதோ கேட்டார்கள். நான் துவாயிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் போய்விட்டார்கள். கடற்கரை திரும்ப வெறிச்சோடியது. பின்னேரம் உருளைக்கிழங்கு உரிக்கும்போது, கேட்க ஆளிருக்கோ இல்லையோ என்று பாராமல், சத்தமாகக் கதைக்கத் தொடங்கினேன். ஹோட்டல் அடுப்பு எவ்வளவு பெரிது, வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் கைதவறிச் சூப்பைக் கொட்டியபோது தலைமைச் சமையல்காரர் எப்படிக் கத்தினார் என்றெல்லாம். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மகன் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். மகள் மேசையருகே வந்து நின்றாள்.

“பிறகு?” என்றாள், தமிழில்.

“பிறகு நான்தான் அதெல்லாத்தையும் துடைச்சன்.”

அவள் சிரிக்கவில்லை. ஒரு கிழங்கை எடுத்து என் பக்கம் நீட்டினாள். அதற்குப் பிறகு தம்பியிடம் போய் டொச்சில் ஏதோ சொன்னாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கதையைத் தொடங்கினேன்.