சித்தப்பாவின் சத்தம்

என் சித்தியின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன். சொல்லவேண்டியவரிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். எடுபடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கொடைக்கானல் மலையில், கூக்காலில் எங்களுக்குப் பூண்டு நிலம் இருந்தது. படிப்படியாகச் சரிவில் இறங்கும் நிலம். மத்தியானச் சாப்பாடு முடிந்து மறுபடி வேலையில் இறங்கும் நேரத்துக்கு ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து வரும். முதலில் எதிர்ச்சரிவு மறையும், பிறகு ஏரி, பிறகு பக்கத்தில் நிற்கும் அம்மா. களைக்கொத்து மண்ணில் இறங்கும் ஓசை மட்டும் மிச்சமிருக்கும். உலகம் முழுவதும் கரைந்து காதாக மாறிவிட்டதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் ஒருவரையொருவர் தேட, ஆளுக்கு ஒரு சத்தம் வைத்திருந்தார்கள். சத்தம் கொடுப்பது என்றுதான் சொல்வோம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பாவின் சத்தம் கோடாரி இறங்குவதுபோல் நேராக வரும். சித்தப்பாவுடையது அடியில் தொடங்கி, வளைந்து மேலே ஏறி, உச்சியில் விக்கல்போலச் சட்டென்று அறுந்துவிடும். கேட்டவர் பதில் சத்தம் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காமல் இருப்பதை எங்கள் ஊரில் யாரும் செய்யமாட்டார்கள்.

எனக்கு எல்லோருடைய சத்தமும் வரும். சத்தம் மட்டுமா, பேச்சும், இருமலும், கொட்டாவியும். வீட்டில் இதற்காக நான் வாங்கிய அடிகள் ஏராளம்.

"இந்தக் கொரங்குச் சேட்டைய நிப்பாட்டுறியா, சூடு போடவா? கூத்தாடியாத்தான் போகப்போற நீயி" என்பாள் அம்மா.

சித்தி ஒருத்திதான் சிரிப்பாள். பூண்டு உரித்துக்கொண்டே, "ஏலே, நம்ம வாத்தியாரு தும்முவாருல்ல, அதச் செய்யி" என்பாள். செய்வேன். "அதுக்கப்பறம் மூக்கத் தொடச்சுக்கிட்டு ஒரு பார்வ பாப்பாருல்ல?" அதையும் செய்வேன். "ஐயோ, போதும்டா, வயிறு வலிக்குது" என்று சுவரில் சாய்ந்துகொள்வாள். பிற்பாடு எத்தனையோ கைதட்டல் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு அவை ஈடாகவில்லை.

சித்தப்பா அப்போது இல்லை. ஓர் ஐப்பசி மழையில், மட்டக்குதிரை மேல் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்கியவர் திரும்பவில்லை. ஆற்றுவெள்ளத்தில் போயிருப்பார் என்றார்கள். ஆளும் கிடைக்கவில்லை, குதிரையும் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு அப்பா தம்பிக்குக் காரியம் செய்தார். சித்தப்பாவின் சத்தத்தை நான் யார் முன்னாலும் செய்ததில்லை. சோலைக்காட்டுக்குள் தனியாகப் போய் மட்டும் செய்து பார்ப்பேன். அந்த உச்சி விக்கல் எளிதில் பிடிபடவில்லை. பிடிபட்ட அன்று எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பிறகு ஒருநாள் பாச்சலூரிலிருந்து சித்தியின் அண்ணன், எனக்கு மாமா முறை, வந்தார். அங்கே ஒரு விவசாயி, மனைவியை இழந்தவர், ஒரு பெண்குழந்தையோடு இருக்கிறார், சித்தியைப் பெண் கேட்கிறார்கள் என்றார். எங்கள் வீடுகளில் இப்படி நடப்பது உண்டு. அப்பா தலையாட்டினார். சித்தியிடம் கேட்டபோது அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "சரிண்ணே" என்றாள்.

அந்தச் சரியை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவளுக்கும் பிள்ளை இல்லை, அங்கே ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. இனி நான் செய்வதைக் கேட்டுச் சிரிக்க ஆளில்லை என்பதுதான் ஏறியது.

"நீங்க போகக்கூடாது சித்தி."

"லீவுக்கு அங்க வாடா. அங்கன ஒரு நாயி இருக்காம், யாரையும் கிட்ட விடாதாம். நீ வந்து அதுக்கு மேல கொரைச்சுக் காட்டு" என்றாள். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

மறுநாள் கிளம்பினார்கள். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாமா முன்னால் போனார். சித்தி ஒரு துணிமூட்டையோடு பின்னால் நடந்தாள். "வெரசா வா தாயி, மேகம் எறங்குது" என்று மாமா சொன்னது கேட்டது. நான் வீட்டின் பின்பக்கமாக ஓடி, மேல்சரிவில் மரங்களுக்கிடையே நின்றேன். வெள்ளை என்னைச் சுற்றி மூடியது. என் கையே எனக்குக் கனவில் பார்ப்பதுபோல் தெரிந்தது. வாயைக் குவித்துச் சத்தம் கொடுத்தேன்.

கீழே காலடி ஓசை நின்றது. அக்கம்பக்கத்துக் களைக்கொத்து ஓசைகளும் நின்றன. பிறகு சித்தியின் பதில் சத்தம் வந்தது. அவளுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டுமான பதில் அது, மெல்லிசாக, தண்ணீர் தளும்புவதுபோல. இரண்டாம் முறை கொடுத்தேன். மூட்டை விழுந்தது. அவள் ஏறி ஓடிவருவது கேட்டது, கல் உருண்டது, முள்ளில் சேலை கிழிந்தது. வேறொரு பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தம்பீ! எங்கடா இருக்க? எங்கன இருக்கடா?" என் அப்பா அழுவதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

நான் பயந்து, சத்தமில்லாமல் மறுபக்கமாக இறங்கி வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன்.

பொழுது சாயும்வரை ஊரே தேடியது. சித்தி முழங்காலில் இரத்தத்தோடு வந்து உட்கார்ந்தாள். "அவருதான். எனக்குத் தெரியாதா?" என்றாள். "எனக்கும் கேட்டுச்சுங்க" என்றார் மாமா, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு. காரியம் செய்த அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி சரிவுக்குப் போனார். காலையில் மாமா தனியாகப் பாச்சலூருக்குத் திரும்பினார்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. சித்தப்பாவின் சொந்த அண்ணனே நம்பிவிட்டார், கட்டினவளே நம்பிவிட்டாள் என்ற பெருமையில் நெஞ்சு நிறைந்திருந்தது. என் தப்பில் எனக்கு இன்றும் கூசுவது இந்த இடம்தான்.

சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று. மூடுபனி இறங்கும்போதெல்லாம் மேல்சரிவில் போய் நின்று அந்தத் தளும்பும் சத்தத்தைக் கொடுப்பாள். பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் என்பதால் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. அடிக்குப் பயந்தேன். பிறகு கொடைக்கானலில் பள்ளி விடுதி, மதுரையில் கல்லூரி என்று என் வழியில் போய்விட்டேன். போன இடமெல்லாம் பலகுரல் செய்து பரிசு வாங்கினேன்.

அறுபதுகளின் நடுவில் வானொலி நாடகங்களில் நடிக்கச் சேர்ந்தேன். கிழவன், போலீஸ்காரர், குதிரைவண்டிக்காரர் எல்லாம் நானே. ஒருநாள் நாடகத் தயாரிப்பாளர் கதைசொல்லி வேஷத்தைக் கொடுத்து, "யாரு மாதிரியும் வேணாம். நீங்க பேசுங்க, போதும்" என்றார். என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தால் என் ஆசிரியர் வந்தார், அப்பா வந்தார், ஏதோ ஒரு நடிகர் வந்தார். "தம்பி, இதுல நீங்க எங்க?" என்று கேட்டுவிட்டு அவர் ஒலிப்பதிவு விளக்கை அணைத்தார். நான் அந்தச் சரிவை நினைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். சித்தி பூண்டு கட்டிக்கொண்டிருந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. எதிரில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். காலைத் தொட்டேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "என்னடா ஒளர்ற? அன்னைக்கு நீ காய்ச்சல்ல படுத்துக்கெடந்தேன்னு ஒங்கம்மா சொன்னாளே?"

"பொய்க் காய்ச்சல் சித்தி. நான்தான் கூப்பிட்டேன்."

"அப்பச் செய்யி பாப்போம்."

வெளியே மூடுபனி நிறைந்திருந்தது. அவளை வாசலில் நிற்கவைத்து, நிலத்தின் ஓரத்துக்குப் போய்ச் சத்தம் கொடுத்தேன். வரவில்லை. என் தொண்டை எப்போதோ உடைந்து ஆண்பிள்ளைத் தொண்டை ஆகியிருந்தது, அந்த உச்சி விக்கல்வரை ஏறவில்லை. உலகத்தில் எல்லோரையும் பேசிய வாய்க்கு அந்த ஒருவர் வரவில்லை. மூன்றாம் முறை, எப்படியும் வரவைத்துவிடவேண்டும் என்ற வெறியில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கரகரத்து, நடுவில் நடுங்கி, எங்கோ வெறுமையில் போய் விழுந்தது. அப்படியொரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எதிர்ச்சரிவிலிருந்து யாரோ கேட்டார். "யாருப்பா அது? ஊருக்குப் புதுசா?"

சித்தியின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"பாத்தியா? ஒனக்கு வரல. அது அவரேதாண்டா. நீ சின்னப்புள்ள, ஏதோ கனாக் கண்டுட்டு இம்புட்டுநாள் மனசுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்க. வா, வந்து சாப்புடு."

எனக்கு ஆறுதல் சொல்லிச் சோறு போட்டாள். அதுவரை அவளுக்குள் கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால் அதையும் நான் அன்று துடைத்துவிட்டு வந்தேன். கடைசிவரை காத்திருந்துதான் போனாள். அந்தக் கரகரத்த குரலில்தான் பிறகு நான் கதை சொன்னேன். கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று, இத்தனை வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். யாராவது அதைப் புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

மரங்களுக்கிடையே நின்ற அந்தப் பையனுக்கு ஒரு குரலைப் பிசகாமல் எழுப்பத் தெரிந்திருந்தது. அதற்குப் பதில் கொடுத்துக்கொண்டு ஒருத்தி மேலேறி ஓடிவந்தால், அவளிடம் அடுத்து என்ன பேசுவது என்று தெரிந்திருக்கவில்லை.