வெளிச்சத்தில் பிடித்த செய்தி

புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் வாசம் எங்கே வந்தாலும் எனக்குக் கத்தரிச் சத்தம் கேட்கும். ஷீட் ஏற்றிய லாரி ஒன்று கடந்துபோனால் போதும். காஜா பெராங் சாலையோரத்து ரப்பர் ஆலை, அதன் கிடங்கில் ஒரு மூலை, ஞாயிறு காலை, ஷீட்டைத் தரம் பிரிக்கும் பெண்கள் பதினொருவர், நான்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டு. அந்தப் பெண்களுக்கு எழுத்துக் கற்றுத்தர ஆலை இடம் தந்தது. பாடப்புத்தகத்துக்குப் பதிலாகத் தன் மாதச் செய்தித்தாளையும் தந்தது. அச்சில் வந்தால் செய்தி என்று நம்பிய வயது எனக்கு. ‘குடியிருப்புக்குப் புதிய குழாய், பெண்கள் பூரிப்பு’ என்ற தலைப்பை மூன்று வாரம் உரக்க வாசிக்க வைத்தேன். நான்காம் வாரம், அந்தச் செய்தியின் படத்தில் குழாயருகே சிரித்துக்கொண்டு நின்ற அக்கா, வகுப்பிலேயே மூத்தவர், தன் முகத்துக்குக் கீழிருந்த வரியை முதன்முதலாகத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். தாளைக் கீழே வைத்தார்.

“இதுல தண்ணியே வரல டீச்சர். சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன்.”

இன்னும் கிணற்றில்தான் இறைக்கிறோம் என்றார்கள் மற்றவர்கள். காதுவரை சுட்டது எனக்கு. மூன்று வாரம் ஒரு பொய்க்கு உச்சரிப்புத் திருத்தியிருக்கிறேன்.

அவர்கள் தொழிலையே கடன் கேட்டேன். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார்கள். குமிழி, மரத்தூள், அழுக்கு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கத்தரித்து எறிவார்கள். செய்தியையும் அப்படியே பிடிப்போம் என்றேன். இதை யார் பார்த்தது, யாரைக் கேட்டு எழுதியது? பதில் இல்லாத இடத்தில் கத்தரி வை.

பூரிப்பு போயிற்று. ‘நிர்வாகத்தின் தாராள மனம்’ போனபோது ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். குழாய் மட்டும் தப்பியது. அது உண்மையாகவே அங்கே நின்றதே. தாளைத் தூக்கினால் ஓட்டைகள் வழியே ஜன்னல் தெரிந்தது. இன்றும் செய்தித்தாளைப் பிரித்ததும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அடுத்த ஞாயிறு ஆலைக் கணக்கு எழுதும் கிராணி வந்தார். அந்தத் தாளை எழுதுகிறவரும் அவரே. கையில் ஓட்டைத் தாள் ஒன்று. தாளில் உள்ளதை வெட்டாமல் அப்படியே வாசிக்க வைப்பதாக நான் எழுதிக் கையெழுத்திட்டால் வகுப்பு நடக்கலாம், இல்லையென்றால் மூலையைக் காலி செய்யுங்கள் என்று தன் பேனாவை நீட்டினார். எங்களுக்கு வேறு கூரை கிடையாது. நான் பெண்களைப் பார்த்தேன். என் வீம்புக்கு அவர்கள் எழுத்தை விலையாகக் கொடுக்கலாமா? பாதிப் பேருக்கு இன்னும் எழுத்துக்கூட்டவே வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சிலேட்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தார். பிறகு எல்லோரும் அடுக்கினார்கள்.

கிராணியின் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் திகைத்து, நாளை வேலைக்காவது வருவீர்களா என்று கேட்டார். வராமல் என்ன என்றார்கள். தெங்கேராவில் கடலோரம் நல்ல மரநிழல் இருக்கிறது, அங்கே உட்காரலாம் என்று ஒருத்தி வழி சொல்லிக்கொண்டே நடந்தாள். கிடங்கு வாசலில் அக்கா மட்டும் திரும்பி நின்று கிராணியிடம் சொன்னார்:

“அடுத்த மாசப் பேப்பரு வந்தா எங்களுக்கும் எடுத்து வைங்க ஐயா. கத்தரி எங்ககிட்டயே இருக்கு.”